புனித மார்கரீத்தாவின் கம்பளிப் பை: சுர்பரானின் ஓவியமொன்றும் அதன் சமூக அடித்தளமும்

1

இலண்டன் தேசியக் கலைக்கூடத்திலே 1903 ஆம் ஆண்டு முதலாக இடம்பெற்றுவரும் ஓவியங்களுள் ஒன்று, ஸ்பானிய ஓவியரான பிரான்சிஸ்கோ டெ சுர்பரான் (1598–1664) தீட்டிய அந்தியோக்கியாவின் புனித மார்கரீத்தா ஆகும். 1630 ஆம் ஆண்டுக்கும் 1634 ஆம் ஆண்டுக்கும் இடையில் வரையப்பெற்றதெனக் கொள்ளப்படும் இவ்வோவியம் 163 சதமமீற்றர் உயரமும் 105 சதமமீற்றர் அகலமும் உடையது. அதாவது, ஓவியத்திலுள்ள பெண் ஏறத்தாழ ஆளளவினள். எதிரே நிற்பவரை அவள் நிகர்நின்று நோக்குகிறாள். இருண்ட பின்புலம், காலடியின் பின்னே மங்கலாகத் தெரியும் வேதாளப் பாம்பு, தலையிலே அகன்ற வைக்கோல் தொப்பி, ஒரு கையில் இடைக்கோல், மறுகையில் சிறியதொரு நூல். இவற்றுக்கெல்லாம் மேலாகப் பார்ப்பவரின் கண்ணை ஈர்ப்பது அவளுடைய முன்கையிலே தொங்கும் பையாகும். வண்ணப் பட்டைகளிட்டு நெய்யப்பெற்ற கம்பளிப் பை அது. ஸ்பானிய நாட்டுப்புறத்தவர் தோளிலும் கழுதை முதுகிலும் இட்டுச் சென்ற அன்றாடப் பொருள்.

ஒரு புனிதையின் கையிலே நாட்டுப்புறத்தாளின் பை எவ்வாறு வந்தது? இக்கட்டுரை எழுப்ப விழையும் வினா இதுவே. வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயின், சமய ஓவியங்களை நாம் அணுகும் முறையினையே அது சோதனைக்குள்ளாக்குகின்றது என்பது மேலே செல்லச் செல்லப் புலனாகும்.

பக்திக் கலையைப் பற்றி எழுதுவோரிடையே இரு போக்குகள் வேரூன்றியுள்ளன. முதலாவது, ஓவியத்தை ஆன்மிக அனுபவத்தின் தூய வெளிப்பாடாகக் காண்பது. சுர்பரானைப் பற்றிப் பேசும்போது அவருடைய எளிமை, மௌனம், துறவு மனப்பான்மை ஆகியன திரும்பத் திரும்பக் கூறப்படுவது இப்போக்கின் விளைவேயாகும். இரண்டாவது, நம்மவரிடையே, முற்போக்காளர் சிலரிடையே காணப்படுவது. மதம் ஆளும் வர்க்கத்தின் கருவி, எனவே மதச் சார்பான ஓவியமும் அக்கருவியின் ஒரு பகுதி; அதற்குமேல் ஆராய்வதற்கு அதில் யாதுமில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. மார்க்ஸ் 1844 இல் மதம்பற்றி எழுதியவற்றுள் அபின் என்னும் ஒரு சொல்லை மட்டும் பிரித்தெடுத்துக் கொள்வோர், அதே பந்தியிலே மதத்தை உண்மையான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கெதிரான குரலாகவும் அவர் கண்டமையை மறந்துவிடுகின்றனர். முதற்போக்குப் பையைக் காண்பதேயில்லை. இரண்டாவது போக்கோ ஓவியத்தையே காண்பதில்லை. இவ்விரண்டுக்கும் அப்பால், குறிப்பிட்டதொரு சமுதாயத்தில், குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளுக்குள், இவ்வோவியமும் இதன் இனத்தனவும் எவ்வாறு தோன்றின என்பதை ஆராய்வதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

2

முதலில் ஐதிகத்தை நோக்குவோம். பிசீதியா நாட்டு அந்தியோக்கியாவிலே புறச்சமயப் பூசகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவள் மார்கரீத்தா. செவிலித்தாயிடம் வளர்ந்து கிறித்தவத்தைத் தழுவுகிறாள், ஆடு மேய்க்கிறாள். உரோம அதிகாரியான ஒலிபிரியஸ் என்பான் அவளைக் கண்டு விரும்புகிறான். அவள் மறுக்கிறாள். சிறையிடப்பட்டு வதைக்கப்படுகிறாள். சிறையிலே வேதாளப் பாம்பொன்று அவளை விழுங்க, கையிலிருந்த சிலுவையின் வலிமையால் அதன் வயிற்றைப் பிளந்து வெளிவருகிறாள். இறுதியிலே தலை வெட்டப்பெற்று இறக்கிறாள். கீழைத் திருச்சபையிலே இவளுக்கு மரீனா என்பது பெயர்.

இக்கதையின் வரலாற்று உண்மைபற்றிய ஐயம் நம் காலத்தில் மட்டும் எழுந்ததன்று. 13 ஆம் நூற்றாண்டிலே புனிதர் கதைகளைத் தொகுத்த யாக்கோபுஸ் டெ வொராஜினே பாம்பு விழுங்கிய நிகழ்ச்சியை நம்பத்தகாததென ஒதுக்கினார். 1969 இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது மார்கரீத்தாவின் திருநாள் பொது நாட்காட்டியினின்றும் நீக்கப்பட்டது. எனினும், கல்விமான்களின் ஐயம் மக்களின் பற்றினைக் குலைக்கவில்லை. பாம்பின் வயிற்றினின்றும் முழுமையாக வெளிவந்தவள் ஆதலின், பேறுகாலப் பெண்களின் காவலியாக அவள் கொள்ளப்பட்டாள். மகப்பேறு உயிருக்கு ஆபத்தாயிருந்த காலத்திலே இந்நம்பிக்கை எத்தகைய தேவையை நிறைவேற்றியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐதிகத்தின் உண்மை அதன் நிகழ்ச்சிகளில் அன்று, அதனை வேண்டி நின்ற வாழ்க்கையில் உள்ளது.

3

சுர்பரான் செயற்பட்ட சூழலுக்கு இரு முகங்கள் இருந்தன. ஒன்று, எதிர்ச் சீர்திருத்தத் திருச்சபையின் கொள்கை. புரட்டஸ்தாந்தர் திருவுருவங்களை நிராகரித்ததற்கு விடையாக, திரெந்துப் பொதுச்சங்கம் 1563 டிசம்பரில் நடைபெற்ற தன் இறுதி அமர்வில் உருவங்களின் பயன்பாட்டை உறுதிப்படுத்தியது. அதேவேளை அவற்றை ஆயர்களின் கண்காணிப்புக்குட்படுத்தியது. ஓவியம் எழுத்தறியா மக்களுக்குப் போதிப்பதாயும் ஒழுங்கீனமற்றதாயும் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். செவில் நகரிலே இக்கண்காணிப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. வெலாஸ்கேசின் ஆசிரியரும் மாமனாருமான பிரான்சிஸ்கோ பச்சேக்கோ 1618 இல் சமய விசாரணை மன்றத்தின் சார்பிலே திருவுருவங்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பினை ஏற்றார். எப்புனிதரை எவ்வாறு வரைதல் வேண்டும் என்னும் விதிகளைத் தொகுத்த அவரது நூல், அவர் இறந்தபின் 1649 இல் வெளிவந்தது.

மற்றைய முகம் ஓவியப் பட்டறையின் பொருளாதாரம். எஸ்திரமதூரா மாகாணத்து ஃபுவெந்தே டெ காந்தோஸ் என்னும் ஊரிலே துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த சுர்பரான், 1614 இல் செவிலுக்குச் சென்று பெத்ரோ தீயஸ் டெ வில்லனுவேவா என்பாரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1626 இல் செவிலின் தொமினிக்க மடத்துக்கு 21 ஓவியங்களை எட்டு மாதங்களில் 4,000 ரெயாலுக்கு வரைந்து கொடுக்க ஒப்பந்தம் செய்தார். ஓவியமொன்றுக்கு ஏறத்தாழ 190 ரெயால். மாதமொன்றுக்கு இரண்டு ஓவியங்களுக்கு மேல். இரு ஆண்டுகளின் பின், 1628 இல், மெர்செதாரியன் சபையின் மடத்துக்கு 22 ஓவியங்கள் வரைய 1,500 தூக்காத் பேசப்பட்டது. ஒரு தூக்காத் 11 ரெயாலாகக் கணக்கிடின், ஓவியமொன்றுக்கு 750 ரெயால் ஆகும். கூலி நான்கு மடங்கு உயர்ந்துவிட்டது. சுர்பரானின் எளிமைபற்றிப் பேசுவோர் இவ்வொப்பந்தங்களையும் கருத்திற் கொள்ளுதல் நன்று. எளிய பின்புலமும் தனித்து நிற்கும் உருவமும் துறவு மனப்பான்மையின் வெளிப்பாடாக மட்டும் அமைந்தனவல்ல; குறித்த தவணைக்குள் தொகுதி தொகுதியாக ஓவியங்களை முடிக்கவேண்டியிருந்த பட்டறைக்கு ஏற்ற வடிவமுமாகும் அது.

தொழிற்சங்கக் கட்டுப்பாட்டுடன் ஏற்பட்ட மோதலும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1629 இல் செவில் நகர மன்றம் சுர்பரானை அந்நகரிலே குடியமருமாறு அழைத்தது. அடுத்த ஆண்டே ஓவியர் அலொன்சோ கானோவும் ஓவியர் சங்கத்தினரும், சங்க விதிப்படி தேர்வெழுதித் தகைமை பெறாதார் செவிலில் தொழில் செய்யலாகாதென எதிர்த்தனர். நகர மன்றமோ சுர்பரானின் பக்கம் நின்றது. இடைக்காலக் கைவினைச் சங்கங்களின் ஒழுங்கு தளர்ந்து, ஒப்பந்தமும் கொள்வோர் விருப்பும் வலுப்பெற்றுவந்த மாறுகாலத்தின் முரண்பாடு இச்சிறு பிணக்கிலே தெளிவாகப் புலப்படுகின்றது.

4

புனித மார்கரீத்தா தனியொருத்தியல்லள். அப்பொலோனியா, லூசியா, அகத்தா, கசில்தா, தொரொத்தி எனப் புனிதையர் பலர் சுர்பரானின் பட்டறையினின்றும் வரிசை வரிசையாக வெளிவந்தனர். தேவாலயச் சுவர்களில் ஊர்வலம் செல்வதுபோல் தொங்கவிடப்பெறுவதற்காக இவ்வரிசைகள் அமைக்கப்பட்டன. செவிலின் ஐந்து திருக்காயங்கள் மருத்துவமனையிலிருந்த இத்தகைய வரிசையொன்று இன்று அந்நகர நுண்கலை அரும்பொருளகத்தில் உள்ளது. அதிலும் மரீனா என்னும் பெயரிலே நம் மார்கரீத்தா இடம்பெற்றுள்ளாள். அவ்வரிசையிற் பெரும்பாலும் பட்டறை உதவியாளரின் கைவண்ணமே காணப்படுகிறது. தலைவனின் பெயரும் உதவியாளரின் உழைப்பும் சேர்ந்து உருவாகிய பொருள்கள் இவை.

இப்பொருள்களுக்கான சந்தை செவிலோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவுடனான ஸ்பானிய வணிகத்தின் ஏகபோக உரிமை செவிலுக்கே இருந்தது. 1647 இல் லீமா நகரின் மனிதாவதாரக் கன்னியர் மடம் சுர்பரானிடம் மரியன்னையின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் 10 ஓவியங்களையும், நின்ற நிலையிலான கன்னிப் புனிதையர் 24 பேரின் ஓவியங்களையும் வேண்டியது. 1649 இல் புவெனஸ் ஐரிசுக்கு அனுப்பப்பட்ட சரக்கிலே கன்னி வேதசாட்சிகள் 15, அரசர்களும் புகழ்பெற்றோரும் 15, புனிதரும் குலமுதல்வரும் 24 என ஓவியங்கள் எண்ணிக்கை வாரியாகப் பதிவாகியுள்ளன. அமெரிக்காவுக்கு அனுப்பிய ஓவியங்கள் கப்பலிலே பழுதுற்றமை தொடர்பாகக் கப்பல் தலைவனொருவன்மீது சுர்பரான் வழக்குத் தொடுத்தமைக்கும் சான்றுண்டு. பதினைந்து கன்னியர், இருபத்துநான்கு கன்னியர் எனப் பொதி கட்டி ஏற்றப்படும்போது, வணங்கப்படும் திருவுருவம் வணிகச் சரக்காகவும் ஆகிவிடுகின்றது. இவ்விரு தன்மைகளும் ஒரே பொருளினுள் பிரிக்கவியலாதவாறு கலந்திருந்தமையே அக்காலப் பக்தி ஓவியத்தின் சிறப்பியல்பாகும்.

இச்சரக்குக்கு விலை கொடுத்தவர் யாவர்? கன்னியர் மடங்களின் செல்வம் உள்நுழையும் செல்வர் வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த சீதனத்திலும் அச்சீதனத்தை முதலிட்டுப் பெற்ற வருவாயிலும் தங்கியிருந்தது. பெரு நாட்டின் செல்வர் வீடுகளுக்கு அச்சீதனப் பணம் எங்கிருந்து வந்தது என்று வினவினால், விடை போத்தோசி மலைக்கு இட்டுச் செல்லும். 1545 இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட அம்மலையில், 1570களிலே ஆளுநர் தொலேதோ வகுத்த மீத்தா என்னும் கட்டாய ஊழிய முறையின்கீழ், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் சுரங்கங்களுள் இறக்கப்பட்டனர். லீமா மடத்துச் சுவரிலே பட்டாடை உடுத்து நின்ற இருபத்துநான்கு கன்னியருக்குப் பின்னாலே, ஓவியத்தில் இடம்பெறாத இம்மனிதர் நிற்கின்றனர்.

வரலாறு இவ்விடத்தில் நின்றுவிடவில்லை என்பதும் கூறப்படல் வேண்டும். கடல் கடந்து சென்ற உருவங்களைப் பழங்குடி ஓவியர் கற்றனர். கற்றபின் தம்வழி நின்று மாற்றினர். 17 ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே கூஸ்கோ நகரப் பழங்குடி ஓவியர், ஸ்பானிய ஓவியருடன் ஏற்பட்ட பிணக்கின் விளைவாகப் பொதுச் சங்கத்தினின்றும் பிரிந்து தனித்து இயங்கத் தொடங்கினர். செவிலில் சங்கத்தைச் சுர்பரான் மீறியதற்கும் கூஸ்கோவில் பழங்குடியினர் மீறியதற்குமிடையே வேறுபாடுண்டு. முன்னது சந்தையின் சுதந்திரம். பின்னது அடக்கப்பட்டோர் தம் உழைப்பின்மீது கோரிய உரிமை.

ஈழத்து வாசகர் மனங்கொள்ளத்தக்க தொடர்பொன்றும் உண்டு. 1580 முதல் 1640 வரை ஸ்பானியாவும் போர்த்துக்கல்லும் ஒரே முடியின்கீழ் இருந்தன. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றியபின், மார்கரீத்தா வரையப்பட்ட ஆண்டுகளிலே, செவிலையும் லீமாவையும் யாழ்ப்பாணத்தையும் ஆண்ட மன்னன் நான்காம் பிலிப்பு ஒருவனே. அங்கே மடங்களின் சுவர்களை நிறைத்த அதே எதிர்ச் சீர்திருத்தம், இங்கே கோயில்களை இடித்துத் தேவாலயங்களை எழுப்பியது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தபோது, ஆட்சியாளர் கொணர்ந்த அச்சமயத்தை ஆட்சியாளருக்கெதிராகவே இரகசியமாகப் பேணியவர் எளிய மக்கள் என்பதும் நாமறிந்ததே. மேலிருந்து திணிக்கப்பட்டதொன்று கீழுள்ளோரின் உடைமையாக மாறும் இயக்கம் கூஸ்கோவுக்கு மட்டும் உரியதன்று.

5

இனி, பைக்குத் திரும்புவோம். சுர்பரானின் புனிதையர் பலர் விலையுயர்ந்த பட்டும் சரிகையும் அணிந்த சீமாட்டிகளாகத் தோன்றுகின்றனர். மட்ரிட் தீசன் அரும்பொருளகத்திலுள்ள கசில்தா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செல்வப் பெண்கள் தம்மையே புனிதையரின் அடையாளங்களுடன் வரைவித்துக் கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் இருந்தமையால், புனிதைக்கும் சீமாட்டிக்குமிடையிலான எல்லை மங்கியது. கசில்தாவின் ஐதிகம் கருத்தூன்றத்தக்கது. தொலேதோவை ஆண்ட முஸ்லிம் மன்னனின் மகளான அவள் கிறித்தவக் கைதிகளுக்கு அப்பம் எடுத்துச் செல்ல, தந்தை வினவியபோது அப்பம் மலராயிற்றாம். மூர் இளவரசியொருத்தியை இவ்வாறு போற்றிய சமுதாயம், 1609 இலிருந்து 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோ மக்களை, மூர் வழித்தோன்றல்கள் என்ற காரணத்துக்காக, நாட்டினின்றும் துரத்தியது. அவர்களுட் பலர் உழவர், பலர் கைவினைஞர். ஓவியத்திலே மூர் மகளுக்கு இடமிருந்தது. வயலிலும் தறியிலும் இடமிருக்கவில்லை.

இப்பட்டாடைப் புனிதையரிடையே மார்கரீத்தா வேறுபட்டு நிற்கிறாள். அவள் அணிந்திருப்பது இடைச்சியின் கோலம். இக்கோலம் வெறும் நடப்பியல் அன்று. அரண்மனைகளிலும் செல்வர் அவைகளிலும் முல்லைநில வாழ்வைப் புனைந்துரைக்கும் இலக்கியம் பெருவழக்காயிருந்த காலம் அது. நூற்களில் வரும் இடையர் காதலிப்பரே அன்றி ஆடுகளின் கால் நோயைப்பற்றிக் கவலைகொள்வதில்லை. மார்கரீத்தாவின் தூய முகமும் ஒழுங்காய் விழும் ஆடையும் அப்புனைவு மரபுக்குக் கடன்பட்டவையே.

ஆயின் உண்மையான முல்லைநிலம் எத்தகையது? காஸ்தீலிய அரசர் பத்தாம் அல்போன்சோ 1273 இல் சலுகைகள் வழங்கி உறுதிப்படுத்திய மெஸ்தா என்னும் மந்தை உடைமையாளர் அமைப்பு, பல நூற்றாண்டுகளாக அந்நாட்டின் கம்பளி உற்பத்தியில் ஆதிக்கஞ் செலுத்தியது. குளிர்காலந்தோறும் வடக்கு மலைகளினின்றும் மந்தைகள் தெற்கே ஓட்டிவரப்பட்டன. அவை வந்து மேய்ந்த முக்கிய நிலப்பகுதி சுர்பரானின் பிறந்தகமாகிய எஸ்திரமதூராவே. கம்பளி ஏற்றுமதியினாற் பயனடைந்தவர் பெருமந்தை உடையோரும் மடங்களும் முடியுமாவர். நலிந்தவர், மந்தைகளின் வழியிலே பயிர் செய்ய முயன்ற உழவர். மந்தையை ஓட்டிச் சென்ற இடையனோ கூலியாள். நல்ல கம்பளி நெதர்லாந்துக்கும் இத்தாலிக்கும் கப்பலேறியது. உள்ளூரிலே, வீட்டுத் தறியிலே, முரட்டுக் கம்பளியில் நெய்யப்பட்ட பைகள் கழுதைகளின் முதுகிலேறின.

துணி வணிகரின் மகன் அப்பையை அறிந்திருந்தார். அதன் இழை, அதன் கனம், அதன் பட்டைகளின் ஒழுங்கு யாவும் புனையப்பட்டவையல்ல, கண்டு தீட்டப்பட்டவை. புனைவு மரபுக்கு ஓர் இடைக்கோலும் தொப்பியுமே போதுமானவை. பையோ எவ்வகை ஐதிகத்தாலும் வேண்டப்பட்டதன்று. பச்சேக்கோ போன்றோரின் விதிகளாலும் வேண்டப்பட்டதன்று. இடைச்சியைப் புனிதையாக்க முனையும் கருத்துநிலை, தன்னை நம்பவைக்கும் பொருட்டு, உண்மையான பொருளொன்றை உள்ளே அனுமதிக்க வேண்டியதாயிற்று. அனுமதிக்கப்பட்ட அப்பொருள் தன்னைச் செய்த உழைப்பின் நினைவையும் உடன் கொணர்ந்துவிட்டது.

இங்கே எச்சரிக்கையும் தேவை. இதனைக்கொண்டு சுர்பரானை உழவரின் ஓவியராக்குதல் வரலாற்றுக்குப் புறம்பானது. அவர் மடங்களுக்கு வரைந்தார்; 1634 இல் மட்ரிட்டின் புவென் ரெத்தீரோ அரண்மனைக்காகவும் வரைந்தார். கலைஞனின் சார்பு வேறு, அவன் படைப்பினுள் புகும் மெய்ம்மை வேறு. பால்சாக் முடியாட்சிச் சார்பினராயிருந்தும் அவர் நாவல்கள் பிரபுக்களின் வீழ்ச்சியைக் காட்டுகின்றன என்று ஏங்கல்ஸ் கண்டமை இத்தகைய இடங்களிலேதான் பயன்படுகின்றது.

6

பெண்களுக்கு இவ்வோவியங்கள் என்ன பொருளைத் தந்தன என்பது பிறிதொரு வினா. ஐந்து திருக்காயங்கள் மருத்துவமனை ஏழைப் பெண்களுக்காக நிறுவப்பட்டது. அங்கே படுத்திருந்தவள் ஒருத்தி இப்புனிதையரை நோக்கியபோது இரண்டு செய்திகள் ஒருங்கே அவளை எட்டியிருக்கும். கற்பும் பொறுமையும் துன்பம் ஏற்றலுமே பெண்ணின் மேன்மை என்பது ஒன்று. திருச்சபை போதிக்க விரும்பியது இதனையே. அதிகாரமுடைய ஆணொருவனின் விருப்பத்துக்கு இணங்காது மறுத்துநின்ற பெண் வணங்கத்தக்கவள் என்பது மற்றொன்று. கதையினின்றும் இதனை நீக்குவதற்குத் திருச்சபையாலும் இயலாது. ஏனெனில், மறுப்பில்லையேல் வேதசாட்சியமில்லை. தந்தையும் கணவனும் மடமுமே பெண்ணின் வாழ்வைத் தீர்மானித்த சமுதாயத்தில், மறுப்பு என்பது புனிதையின் வடிவிலேதான் போற்றப்படக்கூடியதாயிருந்தது. மார்கரீத்தாவின் கையிலுள்ள நூலையும் இவ்வாறே நோக்குதல் தகும். அது செபநூலாயிருக்கலாம். எனினும், எழுத்தறியா இடைச்சியர் வாழ்ந்த நாட்டிலே, வாசிக்கும் இடைச்சியின் உருவம் அது.

7

இவ்வோவியங்களின் பிற்கால வரலாறு சொத்துடைமையின் வரலாறேயாகும். 1649 இல் கொள்ளைநோய் செவில் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பலிகொண்டது. நகரின் வளம் குன்றியது. 1658 இல் மட்ரிட்டுக்குச் சென்ற சுர்பரான் 1664 இல் அங்கேயே இறந்தார். 1810 இல் நெப்போலியனின் படைகள் செவிலைக் கைப்பற்றியபோது, ஆயிரத்தை எட்டும் தொகையான ஓவியங்கள் அரண்மனையிலே குவிக்கப்பட்டன. தளபதி சுல்த் தனக்கெனப் பலவற்றை எடுத்துக்கொண்டான். இன்று பாரிஸ் லூவ்ரில் உள்ள அப்பொலோனியா அவன் கைப்பட்டவற்றுள் ஒன்று. 1836 இல் மெந்திசாபாலின் சட்டங்கள் மடங்களின் சொத்துக்களை ஏலத்துக்குக் கொணர்ந்தன. மெஸ்தா அமைப்பு ஒழிக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். ஓவியத்துக்கு விலை கொடுத்த மடமும், பையின் பின்னணியிலிருந்த மந்தை ஆதிக்கமும் ஒரே முதலாளித்துவச் சீர்திருத்தத்தினால் ஒருங்கே வீழ்ந்தன. நிலங்கள் உழவரைச் சேரவில்லை. பணம் படைத்தோரையே சேர்ந்தன. 1838 இல் பாரிசிலே மன்னர் லூயி பிலிப்பு திறந்துவைத்த ஸ்பானியக் கலைக்கூடம் சுர்பரானை ஐரோப்பாவுக்கு அறிமுகஞ் செய்தது. அவன் முடியிழந்தபின் அத்தொகுதி 1853 இல் இலண்டனில் ஏலம் விடப்பட்டது.

2013 இல் செவிலில் சுர்பரானின் புனிதையர் ஓவியங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டபோது, அவற்றுடன் இக்கால ஆடை வடிவமைப்பாளரின் படைப்புகளும் சேர்த்து வைக்கப்பட்டன. ஆடையின் அழகு போற்றப்படுவது தவறன்று. சுர்பரானின் துணிகள் போற்றத்தக்கனவே. ஆயின், முன்பு மடத்தின் அருளொளியிலும் இன்று நாகரிகச் சந்தையின் ஒளியிலும் மறைந்துபோவது ஒன்றே. அத்துணியை நெய்த கை அது.

8

எனவே, பக்தி ஓவியத்தைப் பக்தர்களிடமும் அழகியலாளரிடமும் விட்டுவிடுதல் முற்போக்கு ஆய்வாளருக்கு அழகன்று. மதத்தின் மொழியிலேதான் பல நூற்றாண்டுகளாக மக்கள் தம் அச்சத்தையும் மறுப்பையும் வேட்கையையும் பேசினர். அம்மொழியைக் கற்க மறுப்பவர், அதனைப் பேசிய மக்களையும் அறிய மறுக்கின்றார். அதேவேளை, ஓவியத்தின் அழகிலே மயங்கி, அதன் விலையைச் செலுத்திய போத்தோசிச் சுரங்கத்தாரை மறத்தலும் ஆகாது. இரண்டினையும் ஒருசேரக் காண்பதே வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்காகும்.

இலண்டன் கலைக்கூடத்திலே மார்கரீத்தாவின் முன் நிற்பவர் முதலில் முகத்தை நோக்குவர். பின்னர் பாம்பைத் தேடுவர். பையைச் சற்று நேரம் நின்று நோக்குவாராயின், பெயரறியா ஒருத்தி தறியிலிருந்து நெய்த பொருளொன்று, புனிதையின் துணைகொண்டு, நானூறு ஆண்டுகளைக் கடந்து வந்திருப்பதை உணர்வர். நம் தேவாலயங்களிலும் கோயில்களிலும் உள்ள பழைய உருவங்களையும் திரைச்சீலைகளையும் இவ்வகையில் நோக்கி ஆராயும் பணி நம்மிடையே இன்னும் போதியளவு மேற்கொள்ளப்படவில்லை. அப்பணிக்கு இக்கட்டுரை ஒரு தூண்டுதலாயமையின் அதன் நோக்கம் நிறைவேறியதாகும்.